படம் மாட்ட ஒரு சுவர்

“ஆணியைக் கீழே வைங்க சம்பந்தி! அது என் பொண்ணு வீட்டுச் சுவரு!”

“உங்க பொண்ணு வீடா? வாடகைச் சீட்டுல என் மகன் பேருதான் இருக்குது. மேற்குச் சுவத்துலதான் ஆண்டவர் ஏறப்போறாரு. ஃப்ளோரா, அந்தச் சுத்தியலை இப்படிக் கொடு.”

“கொடுக்காதே ஃப்ளோரா!”

“கொடுன்னா கொடேன்டி!”

ஃப்ளோரா கொடுக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கூடத்தின் நடுவில் சுத்தியலை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, கைக்குழந்தையை யாரிடம் தருவது என்று தெரியாதவளைப் போல நின்றாள். இதையெல்லாம் நாங்கள் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஜன்னல் அவர்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே அமைந்தது எங்கள் குற்றமல்ல. மாம்பலத்தில் புதிதாகப் போட்ட தெருக்களில் அந்த நாளில் மரமும் கிடையாது, மறைப்பும் கிடையாது. இரண்டு பெண்கள் மனம்விட்டுப் பேசினால் ரயிலடி வரைக்கும் கேட்கும்.

கிழக்குச் சுவருக்காகக் கத்தியவள் லூயிசா, ஃப்ளோராவைப் பெற்றவள். சாந்தோமில் பள்ளிக்கூடத்து டீச்சர். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே தாங்கள் அந்தக் கோவில் பங்கைச் சேர்ந்த குடும்பம் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள். மேற்குச் சுவருக்காகக் கத்தியவள் ஞானப்பூ, மாமியார், மந்தைவெளிக்காரி. புருஷன் போய்ப் பல வருஷமாயிற்று. அந்தச் சோகம் குரலில் மட்டும் ஏறவில்லை. அவள் மகன் ஆம்ப்ரோஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு துரை கம்பெனியில் குமாஸ்தா. சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவன் பின்கட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் குடித்தான்.

எங்களைப் போல வேறு மதத்தாருக்கு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், பங்குக் கோவிலிலிருந்து குருவானவர் வேதநாயகம் சாமி வந்து அந்த வீட்டில் திரு இருதய ஆண்டவராகிய இயேசுவின் படத்தை ஸ்தாபகம் செய்வதாக ஏற்பாடு. படத்தை முன்கூட்டியே சுவரில் மாட்டித் திரை போட்டு மூடி வைப்பார்கள். சாமி வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, திரையை விலக்குவார். அந்த நிமிஷத்திலிருந்து வீட்டுக்கு ஆண்டவர்தான் ராஜா. ராஜா உட்கார்ந்த இடத்தை அப்புறம் மாற்றுவது அவர்களில் வழக்கமில்லை. நாற்காலியோ, மேஜையோ, அலமாரியோ எல்லாம் அவர் முகம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆகவே சுவரைப் பிடித்தவள் வீட்டைப் பிடித்தாள். கிழக்கே ஏறினால் அது ஆயுசுக்கும் சாந்தோம் வீடு. மேற்கே ஏறினால் மந்தைவெளி வீடு. ஃப்ளோராவின் வீடு எந்தச் சுவரில் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஃப்ளோராவுக்கும் தெரியவில்லை, வம்பே அதுதான்.

இத்தனைக்கும் இதைக் கிளப்பிவிட்டவன் ஆம்ப்ரோஸ். அவர்கள் எங்கள் தெருவுக்குக் குடிவந்த புதிதில் வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும் நாலைந்து பாத்திரமும்தான். முதல் நாள் சாயங்காலம் வெறும் கூடத்தில் நின்றுகொண்டு அவன் மனைவியிடம் கேட்டான்:

“உனக்கு வீடு எப்படி இருந்தாப் பிடிக்கும், சொல்லு. அப்படியே செஞ்சுடலாம்.”

நல்ல கேள்விதான். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தப் பெண்ணை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாந்தோமில் அம்மா வைத்த இடத்தில் நாற்காலி இருக்கும். கல்யாணமாகி மந்தைவெளிக்குப் போனதும் மாமியார் வைத்த இடத்தில் இருந்தது. திடீரென்று ஒரு கூடம் முழுவதையும் எதிரே வைத்து, உனக்கு எப்படி வேண்டும் என்றால்? அவள் அன்றைக்கு “யோசிச்சுச் சொல்றேங்க” என்றாள். யோசிக்கத் தொடங்கினாள். தெருவுக்கே பொழுது போயிற்று.

முதலில் நீலம். சுண்ணாம்பில் நீலம் கலந்து கூடம் முழுக்க அடிக்கச் சொன்னாள். வெள்ளையடிக்கிற வடிவேலு அடித்துவிட்டுப் போன மறுவாரமே, அலமேலம்மாள் வீட்டுக்குப் போய்வந்தாள். அலமேலம்மாள் எங்கள் தெருக்கோடி வக்கீல் கஸ்தூரிரங்கனின் சம்சாரம், மயிலாப்பூரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மஞ்சள் காவிச் சுவர், நடுவில் ஊஞ்சல், தரையில் பாய், வேறு ஒன்றும் கிடையாது. ஃப்ளோரா அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவ்வளவுதான். வடிவேலு மறுபடி வந்து நீலத்தின்மேல் காவி அடித்தான். உத்தரத்தில் கொக்கி, கொக்கியில் சங்கிலி, சங்கிலியில் பலகை.

அலமேலம்மாளே பார்க்க வந்துவிட்டாள். “ஏண்டிம்மா, உங்காத்துல ஊஞ்சலா! பேஷா இருக்கு. ஆனா ஆடினா அலமாரியில இடிக்குமே?”

இடித்தது. கண்ணாடி போயிற்று. பலகையைக் கழற்றினார்கள், கொக்கி இரண்டு மட்டும் உத்தரத்தில் பாக்கி நின்றது.

உடைந்த கண்ணாடியைச் சாக்கிட்டு லூயிசா சாந்தோமிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வந்தாள். கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலில் அந்த அம்மாள் கைதேர்ந்தவள். அன்று மாலைக்குள் மேஜைக்கு ஒன்று, நாற்காலி முதுகுக்கு ஒன்று, தண்ணீர்க் கூஜாவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று வீடே வெள்ளைப் பின்னலுக்குள் புகுந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் ஆபீசிலிருந்து வந்து உட்கார இடம் தேடினான். “அதுமேல சாயாதீங்க மாப்பிள்ளை, எண்ணெய் ஒட்டிக்கும்” என்றாள் லூயிசா. அவன் நின்றுகொண்டே டீ குடித்தான். அதில் கொஞ்சம் லேஸில் கொட்டினான். தெரிந்தே கொட்டினான் என்று நாங்கள் சொல்லவில்லை.

இது மந்தைவெளிக்கு எட்டாமல் இருக்குமா? ஞானப்பூ வந்தாள். “என்னடி இது, செத்த வீடு மாதிரி எல்லாத்தையும் மூடி வச்சிருக்கே?” என்று லேஸையெல்லாம் உருவிப்போட்டாள். கூடத்து உள்வாசலுக்குக் கண்ணாடி மணித் திரை, ஜன்னலுக்கு ஜிகினாச் சரம், சுவருக்குச் சிவப்பும் பச்சையுமாய்க் காகிதப் பூ. ராத்திரி மின்சார விளக்கைப் போட்டால் திருவிழாச் சப்பரம் தெருவில் இறங்கி நின்றாற்போல இருக்கும். எங்களுக்குப் பிடித்திருந்தது, உண்மையைச் சொன்னால். ஃப்ளோரா மட்டும் மணித் திரையைத் தாண்டும்போதெல்லாம் முடி சிக்கிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஆம்ப்ரோஸுக்கும் ஆசை வந்தது. கம்பெனித் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். அவர் பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. அவன் ஒற்றை மாட்டு வண்டியோடு வீட்டுக்கு வந்தான். வண்டியில் ஒரு பிரம்பு நாற்காலி, கை ஒன்று ஒடிந்தது. அதன்மேல் ஒரு மான் தலை. கொம்பு, கண்ணாடிக் கண், கழுத்துவரைக்கும் தோல், எல்லாம் அசல். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் நாலு பெரிய திருகாணி வைத்து முடுக்கினான். உள்ளே நுழைகிறவரை அது ஏதோ கடன் கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்க்கும்.

“துரைங்க வீட்டுல எல்லாம் இப்படித்தான்” என்றான் ஆம்ப்ரோஸ்.

“இந்த வீட்டுல துரை யாருங்க?” என்றாள் ஃப்ளோரா. சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

நடுவில் ஒருமுறை இளஞ்சிவப்பு அடித்தார்கள். அதை அவளே இரண்டு நாளில் பார்க்கச் சகிக்காமல் மறுபடி காவிக்கு மாற்றினாள். “யம்மா, சொவரு காயறதுக்குள்ளே உனுக்கு மனசு மாறிப்பூட்டா நான் இன்னா பண்றது?” என்று வடிவேலு வாசலில் சுண்ணாம்பு மட்டையோடு நின்று கேட்டதைத் தெருவே கேட்டது. நீலத்தின்மேல் காவி, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் காவி. மழைக்காலத்தில் அந்தச் சுவர் என்ன நிறம் என்று எங்களுக்குள் பந்தயமே நடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். அவர் செய்த புண்ணியம்.

கூடத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் வெளியேறிய சாமான் எங்கே போயிற்று என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. எங்களுக்கு முன்ஜன்னல்தான் தெரியும். அதற்கு அப்பால் நடப்பதற்கு மீன்காரி குப்பம்மாதான் ஆதாரம். கூடையோடு பின்வாசல் வழியாகப் போய், கிணற்றடியில் மீன் ஆய்ந்து கொடுத்து, ஒருபாடு பேசிவிட்டு வருவாள்.

“இன்னா குப்பம்மா, அங்கே இன்னிக்கு சுவர் என்ன கலரு?”

“யாருக்குத் தெரியும்? முன்னாடி கீற வூட்டுல நான் காலு வெக்கிறதேயில்ல. அந்தப் பொண்ணு முன்னாடி வந்தா மூஞ்சி செத்துப் பூடுது. பின்னால வந்து குந்திக்கினா நல்லா சிரிச்சிக்கினு கீது.”

மீன்காரி பேச்சு என்று விட்டுவிட்டோம். நாங்கள் கேட்டது சுவரைப் பற்றி.

இப்படிக் குழம்பிக் கிடந்த வீட்டுக்குத்தான் சாமி தேதி கொடுத்தார். பங்கில் வீடு வீடாக ஸ்தாபகம் நடந்துகொண்டிருந்தது. இவர்கள் முறை வந்தது. செய்தி தெரிந்ததுமே லூயிசா தன் தகப்பனார் காலத்துப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். கறுப்பு மரச் சட்டம், ஆள் உயரத்தில் பாதி. ஞானப்பூ புதுப் படம் வாங்கி, அதைச் சுற்றி ஜிகினாவிலும் காகிதப் பூவிலும் ஒரு வளைவு கட்டி வண்டியேற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு படம், ஒரு கூடம். அன்று தொடங்கியதுதான் நீங்கள் முதலில் கேட்ட சண்டை.

சண்டை எப்படி ஓய்ந்தது என்றால், ஓயவில்லை. சுத்தியலை ஃப்ளோரா யாரிடமும் தராததால் ஆம்ப்ரோஸை இழுத்து வந்தார்கள். அவன் தண்ணீர் சொட்டும் மீசையோடு வந்து கிழக்கே ஓர் ஆணி அடித்தான். மேற்கே ஓர் ஆணி அடித்தான். பெற்றவளுக்கும் பொல்லாப்பு இல்லை, பெண்ணைக் கொடுத்தவளுக்கும் பொல்லாப்பு இல்லை. “நாளைக்குச் சாமியே வந்து சொல்லட்டும்” என்றாள் லூயிசா, சாமி சாந்தோம்காரர் என்ற தைரியத்தில். “சொல்லட்டுமே” என்றாள் ஞானப்பூ, சாமிக்குத் தன் கை மீன் குழம்பு பிடிக்கும் என்ற தைரியத்தில். அவரவர் படத்தை அவரவர் சுவரில் ஏற்றி, அவரவர் பட்டுத் துணியால் திரை போட்டார்கள்.

தாய்மார் இருவரும் அடுத்தடுத்த அறையில் எதிரெதிர் பக்கம் திரும்பிப் படுத்த பிறகு, விளக்குப் போட்ட கூடத்தில் புருஷனும் மனைவியும் நின்றார்கள். பேச்சு மெதுவாகத்தான் இருந்தது. காற்று எங்கள் பக்கம்.

“ஏங்க, நாளைக்கு எது ஏறினாலும் எனக்கு இங்க இடமில்லைங்க.”

“இடமில்லாம? எவ்வளவு பெரிய கூடம்!”

“அம்மா சுவத்துல ஏறினா நான் அம்மா வீட்டுல இருக்கிற பொண்ணு. அத்தை சுவத்துல ஏறினா அத்தை வீட்டுல இருக்கிற மருமக. அப்புறம் எதையும் நகர்த்த முடியாது. நான் சாகிறவரைக்கும் அப்படியேதான்.”

“அதுக்குத்தானே அன்னிக்கே கேட்டேன், உனக்கு எப்படி இருந்தாப் பிடிக்கும்னு?”

“தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருக்க மாட்டேனா?” என்றாள். “எல்லாரு வீடும் அவங்கவங்க வீட்டுல நல்லாத்தான் இருக்குது. இங்க கொண்டுவந்தாத்தான் என்னமோ ஆயிடுது.”

ஆம்ப்ரோஸ் மான் தலையைப் பார்த்தான். மான் அவனைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லூயிசா எழுந்ததும் முதல் வேலையாக அந்த மானைத்தான் பிடித்துக்கொண்டாள். “மாப்பிள்ளை, சாமி வர்றப்ப இந்த மிருகம் எதிர்ல நிக்கக் கூடாது. கழற்றுங்க.” திருகாணி அசையவில்லை, பலமாக அசைத்தால் காரை உதிர்ந்தது. அந்த ஒன்றில் மட்டும் சம்பந்திகள் ஒத்துப்போனார்கள். மெத்தைவிரிப்பு ஒன்றை எடுத்து, கொம்பு தெரியாமல் மேலிருந்து கீழ்வரை மூடினார்கள். வெள்ளை வெளேர் என்று சலவைக்குப் போய்வந்த விரிப்பு. அது கோணலாக இருக்கிறதென்று ஞானப்பூ இரண்டு முழம் மல்லிகைச் சரத்தை அதன்மேல் தொங்கவிட்டாள், அழகுக்கு.

ஆகக்கூடி கூடத்தில் மூன்று திரை.

பங்கு ஜனம் திரண்டு வந்தது. மரியாதைக்காக எங்களையும் அழைத்திருந்தார்கள். மரியாதைக்காக நாங்களும் முதல் வரிசையில் இருந்தோம். அலமேலம்மாள் ஈரத்தலையோடு வந்து கதவோரம் நின்றாள். குப்பம்மாகூட அன்றைக்கு மீன் விற்கப் போகாமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு பின்வாசல் பக்கம் நின்றாள். கோவில் உபதேசியார் தீர்த்தச் சொம்பைப் பிடித்துக்கொண்டு முன்னே வர, வேதநாயகம் சாமி பின்னே வந்தார். பருத்த உடம்பு, வெயில், பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிறு. அவசரத்தில் இருந்தார்.

“தோத்திரம் சாமி!” என்று சம்பந்திகள் இருவரும் ஒரே மூச்சில் சொல்லி, ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் கையைக் காட்டினார்கள்.

சாமி எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை. வாசலில் நுழைந்ததும் நேர் எதிரே, நடுச் சுவரில், வெள்ளைத் திரையும் மல்லிகையுமாய் எடுப்பாக நிற்பதைப் பார்த்தார். நேரே அங்கே போய் நின்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தில் குறுக்கிட அந்த ஜனத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. லூயிசா “சாமி…” என்று வாயெடுத்தாள், உபதேசியார் முறைத்தார். ஞானப்பூ மகனைக் கிள்ளினாள். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு முழந்தாளிட்டான். தீர்த்தம் தெளித்தாயிற்று. “இன்றுமுதல் இந்தக் குடும்பத்தின் ராஜாவாக…” என்று சாமி உரத்துச் சொல்லி விரிப்பைப் பிடித்து இழுத்தார்.

ராஜா இரண்டு கொம்போடு ஜனத்தைப் பார்த்தார். ஒரு கொம்பில் மல்லிகை.

யாரோ ஒரு குழந்தை கை தட்டியது.

“இது என்னது?” என்றார் சாமி.

“மான் சாமி” என்றான் ஆம்ப்ரோஸ், கண்ணைத் திறக்காமல்.

“மான்னு தெரியுது! ஆண்டவர் எங்கே?”

“இதோ சாமி, கிழக்கே!”

“மேற்கே சாமி! சம்பந்தி, தள்ளுங்க!”

“நீங்க தள்ளுங்க! மான் தலையில பூ வச்சது யாரு?”

“மூடினது யாரு?”

இரண்டு திரையும் ஒரே சமயத்தில் இழுபட்டன. கிழக்கே ஓர் ஆண்டவர், மேற்கே ஓர் ஆண்டவர், நடுவில் மான். ஜனம் எந்தப் பக்கம் திரும்பி முழந்தாளிடுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் நின்றது. சிலர் அவசரத்தில் எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள். சாமி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இதுவரை எத்தனையோ வீடு மந்திரித்தவர்; எந்தப் புஸ்தகத்திலும் இதற்கு ஜெபம் எழுதி வைக்கவில்லை போலும்.

“வீட்டுக்காரி யாரு?” என்றார்.

“நான்தான் சாமி” என்று இரண்டு அம்மாக்களும் சொன்னார்கள்.

“இந்த வீட்டுல தினமும் அடுப்பு மூட்டுறது யாருன்னு கேக்கறேன்.”

ஜனம் விலகியது. ஃப்ளோரா தூணோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“நீயாம்மா? எனக்கு நிக்கத் தெம்பில்லை. ஆண்டவரை எங்கே வைக்கணும்னு ஒரு இடத்தைக் காட்டு. சீக்கிரம்.”

அவள் கிழக்கே பார்த்தாள். மேற்கே பார்த்தாள். மானைக்கூடப் பார்த்தாள். இந்தப் பெண் இப்போது அழப்போகிறாள் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அவளோ, “இங்க வேணாம் சாமி” என்றாள். சொல்லிவிட்டு முன்பு மணித் திரை தொங்கிய நிலைப்படியைத் தாண்டி, சமையற்கட்டைக் கடந்து, பின்னால் போனாள். சாமி பின்தொடர்ந்தார். சாமி போனால் ஜனம் போகாமல் இருக்குமா? நாங்கள் எல்லாருக்கும் முன்னால் போனோம்.

சமையற்கட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஓடு வேய்ந்த சின்னச் சார்ப்பு. அதைத்தான் காட்டினாள்.

சுவர் வெறும் சுண்ணாம்பு. அங்கேவரை வடிவேலு வந்ததேயில்லை. ஊஞ்சல் பலகையை இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் பெஞ்சாகப் போட்டிருந்தாள். பலகை ஆட வழியில்லாமல் நிம்மதியாக இருந்தது. கை ஒடிந்த பிரம்பு நாற்காலி, ஒடிந்த பக்கம் தூணில் சாய்ந்தபடி. டீ கொட்டின லேஸ், தண்ணீர்ப் பானைக்கு மூடி. ஞானப்பூவின் மணித் திரையில் பாதியை வெட்டி, முடி சிக்காத உயரத்தில் ஓட்டு விளிம்பில் கட்டியிருந்தாள்; காலை வெயில் அதில் பட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பச்சையும் ஊதாவுமாய்ப் பொட்டுப் பொட்டாக ஆடியது. ஜன்னல் கட்டையில் குப்பம்மாவின் கூடையோடு வந்த சிப்பிகள் வரிசையாக. கிணற்றுத் தூணில் ஒரு வெற்றிலைக் கொடி. ஆறு மாதமாக முன்கூடத்தில் தோற்றதெல்லாம் பின்னால் வந்து ஒன்றோடொன்று சிநேகமாக உட்கார்ந்திருந்தது.

நாங்கள் அத்தனை நாளும் முன்ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அடிப்பாவி” என்று குப்பம்மாவிடம் முணுமுணுத்தோம், “இதைச் சொல்லவேயில்லையே?”

“இதெல்லாம் ஒரு சேதியா? குந்தற எடம்!” என்றாள் குப்பம்மா.

லூயிசாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “ஃப்ளோரா, மீன் கழுவுற இடத்துலயா ஆண்டவரை வைக்கப்போறே?”

“அவருக்கு மீன் ஒண்ணும் புதுசில்லையேம்மா” என்றாள் ஃப்ளோரா. துடுக்காகச் சொல்ல வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் சாமி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அதை யாராலும் திருப்ப முடியவில்லை.

“ஆனா ஏன் இங்கன்னு சொல்லத் தெரியலை சாமி” என்றாள் அவளே, குழப்பத்தோடு. “நான் இங்கதான் இருக்கேன். அவ்வளவுதான் தெரியும்.”

“எனக்குக் காபி வேணும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்” என்றார் சாமி. “படத்தைக் கொண்டாங்க.”

லூயிசாவின் படத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சார்ப்பு தாழ்வு, கறுப்புச் சட்டம் ஓட்டில் இடித்தது, எப்படிச் சாய்த்தும் நிற்கவில்லை. ஞானப்பூ அவசர அவசரமாகத் தன் படத்தைக் கொண்டுவந்தாள். படம் சேர்ந்தது, வளைவு சேரவில்லை. ஜிகினாவையும் காகிதப் பூவையும் அவள் கையாலேயே பிய்க்க வேண்டியதாயிற்று. பிய்த்த பிறகு அது ஒரு சாதாரணச் சின்னப் படம். ஃப்ளோரா சுத்தியலை எடுத்துவந்து ஆணியைத் தானே அடித்தாள். இரண்டாம் அடியில் விரலில் பட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மூன்றாவதை அடித்தாள். சாமி பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமலே பாதி ஜெபம் சொன்னார். ஜனத்தில் சிலர் கிணற்றடியில், சிலர் சமையற்கட்டில், மிச்சப்பேர் இன்னும் கூடத்தில் மானுக்கு முன்னால், எங்கே போவது என்று தெரியாமல்.

வாயெல்லாம் பல்லாய் நின்றவள் அலமேலம்மாள் ஒருத்திதான். “சமையல் உள்ளுக்குப் பக்கத்துல சுவாமி! எங்காத்துலயும் அங்கேதாண்டி வெச்சிண்டிருக்கோம். இப்பத்தான் உங்காத்துல ஒண்ணு சரியா அமைஞ்சிருக்கு” என்றாள். இதைக் கேட்டு லூயிசாவும் ஞானப்பூவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை, சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அவர்களுக்குள் நடந்த முதல் சிநேகம்.

அப்புறம் என்ன? படம் ஏறிய இடத்தை மாற்றக் கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் கூடத்தை ஒரே எட்டில் தாண்டிப் பின்னால் போனார்கள். வீட்டுக்கு முதுகு முன்னால், முகம் பின்னால். இது என்ன மாதிரியான வீடு என்று தெருவில் கேட்காதவர் இல்லை. சாந்தோம் மாதிரியும் இல்லை, மந்தைவெளி மாதிரியும் இல்லை, மயிலாப்பூர் மாதிரியும் இல்லை, துரை பங்களாவும் இல்லை. எங்களில் ஒருத்தி ஒருநாள் ஃப்ளோராவையே கேட்டுவிட்டாள், இதற்கு என்ன பெயர் என்று. “பேரா?” என்று அவள் யோசித்தாள். பழைய யோசனை முகம் வந்துவிடுமோ என்று நாங்கள் ஆவலாகப் பார்த்தோம். அவள் எழுந்து போய்ப் பிரம்பு நாற்காலியைத் தூணுக்கு ஒரு சாண் நெருக்கமாக நகர்த்திவிட்டு, “தெரியலைங்க. காபி சாப்பிடறீங்களா?” என்றாள். அன்றிலிருந்து வடிவேலுவுக்கு அந்த வீட்டில் வேலையில்லை.

ஆம்ப்ரோஸை இரண்டு வருஷத்துக்குப் பிறகு கம்பெனி கொச்சிக்கு மாற்றியது. வண்டியில் ஊஞ்சல் பலகை, ஒடிந்த நாற்காலி, சிப்பிகள் ஒரு பனையோலைப் பெட்டியில், மடியில் படம். கொச்சி வீட்டிலும் முன்கூடம் காலியாகத்தான் கிடக்கிறதாம். பின்னால் காயல் தெரிகிறதாம். அவர்களோடு ரயிலேறிப் போன ஞானப்பூ ஒரு மாதம் இருந்து வந்து சொன்னது. லூயிசா போகவில்லை. அவளுக்கு அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது: இளைய பெண் ரோசலினை ஞானப்பூவின் தம்பி மகனுக்கே கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தை யார் பேசி முடித்தார்கள் என்பதில் இன்றும் இரண்டு கதை உண்டு. ரோசலின் மந்தைவெளியில் தனிக்குடித்தனம் வைத்த அன்றே கறுப்புச் சட்டப் படம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று கேள்வி. ஞானப்பூவும் பின்னாலேயே அங்கே போய் இறங்கிவிட்டாள் என்று கேள்வி. கஸ்தூரிரங்கன் குடும்பம் மறுபடி மயிலாப்பூருக்கே போய்விட்டது. குப்பம்மா மகளை நொச்சிக்குப்பத்திலேயே கட்டிக்கொடுத்தாள். இப்போது மீன் கொண்டுவருவது அந்தப் பெண்தான், ஆனால் அம்மாவைப் போலப் பேச வராது.

எதிர்வீட்டுக்கு ஒரு சப்ரிஜிஸ்திரார் குடும்பம் வந்தது. மான் தலை வாடகையோடு சேர்த்து அவர்களுக்குப் போயிற்று. அந்த அம்மாள் வந்ததும் கூடத்துச் சுவரைச் சுரண்டச் சொன்னாள். காவி உதிர்ந்தது, சிவப்பு உதிர்ந்தது, மறுபடி காவி, அதற்கடியில் நீலம். அவள் சேலை முந்தானையில் தூசியைத் தட்டிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்து, “ஏங்க, எங்களுக்கு முன்னால இந்த வீட்டுல எத்தனை குடும்பம் இருந்துச்சு?” என்று கேட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் என்றோம். நம்பாமல் திரும்பிப் போனாள்.